லூபஸ்: ரத்தப் பரிசோதனை சரியாகிவிட்டது, பயம் சரியாகவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி இருக்கிறதா?

கொழிஞ்சை மலர்:

பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு எஸ்.எல்.இ. வகை லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பின் பல உறுப்புகளைத் தாக்கும் நோய். முதலில் சிறுநீரகத்தைத் தொட்டது, பிறகு நெஞ்சைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டது. கோவையில் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரோடு கிடந்தேன். அதெல்லாம் கடந்து வெகுநாள் ஆகிவிட்டது. இப்போது நோயின் வேகத்தைக் காட்டும் சி3, சி4 என்ற ரத்தப் புரத அளவுகள் சரி. சிறுநீரில் புரதம் போவதில்லை. ஸ்டீராய்டு மாத்திரையும் மிகக் குறைந்த அளவுக்கு வந்துவிட்டது. டாக்டர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு "மிக நன்றாக இருக்கிறீர்கள்" என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுகிறார்.

நான் நன்றாக இல்லை. பஸ் கோவை உக்கடத்தை நெருங்கும்போதே உள்ளங்கை நனைந்துவிடுகிறது. எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் ஓர் ஒலி எழுப்பும். தீவிர சிகிச்சைப் பிரிவில் என் தலைமாட்டில் இருந்த கருவியின் ஒலி அச்சு அசல் அதுதான். ஆகவே அது ஒலிப்பதற்குள் நிறுத்திவிட வேண்டும் என்று, முடியும் நேரத்தில் பக்கத்திலேயே போய் நின்றுகொள்கிறேன். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். தூக்கத்தில் தொண்டைக்குள் குழாய் இருக்கிறது, கூப்பிட முடியவில்லை. விழித்தால் பிறகு விடியும்வரை தூக்கம் கிடையாது. போன மறுபரிசோதனைக்கு நான் போகவே இல்லை. வீட்டில் மழையைக் காரணம் சொன்னேன்.

இது நோயின் வேலையா, மருந்தின் வேலையா, என் மனத்தின் வேலையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வேலந்தாவளத்தான்:

சகோதரி, என் மனைவிக்கு லூபஸ் வந்து பல வருடங்கள் ஆகின்றன. மூட்டு வலியை அவள் பொறுத்துக்கொள்கிறாள். புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி தோலில் தெரிந்தால்தான் ஒடுங்கிப்போகிறாள். கொசு கடித்ததா, மறுபடியும் ஆரம்பமா என்று கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். அன்று சமையல், பேச்சு எல்லாம் நின்றுவிடும். டாக்டரிடம் சொன்னால் "டென்ஷன் ஆகாதீர்கள்" என்கிறார். டென்ஷன் ஆகாமலிருப்பது எப்படி என்றும் மருந்துச் சீட்டில் எழுதித் தந்தால் நன்றாயிருக்கும்.


சித்தூர் வாத்தியார்:

பெரியவன் என்ற முறையில் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகளுக்கும் இந்த நோய் உண்டு. உடம்பு ஒருமுறை சாவைத் தொட்டுவிட்டு வந்தால் மனம் கொஞ்ச காலம் நடுங்கத்தான் செய்யும். அதற்கொரு பெயர் சூட்டி, அதற்கொரு டாக்டர், அதற்கொரு மாத்திரை என்று போனால் எங்கே போய் நிற்கும்? ஏற்கெனவே அவள் விழுங்கும் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினால் கை கொள்ளாது. கோயிலுக்குப் போகட்டும், நாலு பேரோடு பழகட்டும், தானாகச் சரியாகும்.


பாலக்காட்டுச் செவிலி:

மலர் அக்கா, நான் மனநலப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். கணினி வழியே நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று செய்திகள் பளிச்சென்று தெரிகின்றன. நடந்தது மறுபடி நடப்பது போல வருவது, அதை நினைவூட்டும் இடத்தையும் ஒலியையும் தவிர்ப்பது, ஆபத்து இப்போதும் பக்கத்தில் நிற்பது போல உடம்பு விழித்தே இருப்பது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, அதாவது ஐ.சி.டி. 11, பி.டி.எஸ்.டி. என்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கு இந்த மூன்றையும்தான் அடையாளமாக வைத்திருக்கிறது. இவை சில வாரங்களாவது நீடித்து, அன்றாட வாழ்க்கையையும் கெடுக்க வேண்டும்.

வாத்தியார் ஐயா கேட்பதில் பாதி நியாயம். அதிர்ச்சியான அனுபவத்துக்குப் பிறகு பெரும்பாலோருக்குத் தானாகவே தணிந்துவிடுகிறது. தணியாதவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து உயிர்பிழைத்து வந்தவர்களை ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் இந்த அறிகுறிகள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அரைமயக்கத்தில் கண்ட பொய்த்தோற்றங்கள்கூட உண்மை நினைவைப் போலவே தங்கிவிடும். செவிலியர் தன்னைக் கொல்ல வந்தார் என்று இன்றும் நம்பும் நோயாளிகள் உண்டு. (அந்தச் செவிலியர் நானாகவும் இருந்திருக்கலாம்!)

இந்த நோய்ப்பெயர் 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1994 பதிப்பு உயிருக்கு ஆபத்தான நோயையும் அதிர்ச்சியாக ஏற்றது. 2013 பதிப்பு கதவைக் கொஞ்சம் சாத்தியது: கடும் நோய் இருப்பது மட்டும் போதாது, திடீரென்று நேர்ந்த பேராபத்தாக இருக்க வேண்டும் என்றது. லூபஸுக்கு இந்த வரையறை சரியாகப் பொருந்துவதில்லை என்பது என் கருத்து. விபத்தில் சிக்கியவருக்கு விபத்து முடிந்துவிட்டது. அவரிடம் "இனிப் பயமில்லை" என்று சொல்லலாம். லூபஸ் உள்ளவரிடம் அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். நோய் மறுபடி எழக்கூடியதுதான். பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்த உண்மையான பாதியை வைத்துக்கொண்டு மீதியை மட்டும் இறக்கிவைக்கக் கற்பிப்பதுதான் சிகிச்சை. சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறியாகச் சிறுநீரில் நுரை வந்தால் உடனே பார்ப்பது ஜாக்கிரதை. வாஷிங் மெஷினுக்குக் காவல் நிற்பது வேறு.

மருந்தைப் பற்றியும் கேட்டீர்கள். ஸ்டீராய்டு அளவு கூடும்போது மனநிலை கலங்குவது உண்மை. பாஸ்டனில் 1972இல் வெளியிட்ட கணக்கின்படி, பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், 80க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதத்தினருக்கும் மனநலக் கோளாறு கண்டது. உங்கள் அளவு மிகக் குறைவு என்பதால் பழியை அதன்மேல் போடுவது கடினம். லூபஸே மூளையைத் தாக்குவதும் உண்டு. ஆகவே புதிதாகக் குழப்பம், வலிப்பு, இல்லாத குரல் கேட்பது போன்றவை வந்தால் மனநலப் பிரிவுக்கு அல்ல, முதலில் லூபஸைப் பார்க்கும் வாத நோய் (ரூமட்டாலஜி) மருத்துவரிடம்தான் ஓட வேண்டும்.


தேயிலைமகள்:

நான் மூணாறிலிருந்து எழுதுகிறேன். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். லூபஸ் இருப்பது தெரிந்தபின் வெயிலில் கொழுந்து கிள்ளக் கூடாது என்றார்கள். அந்த வேலை போனது. வருமானம் போனது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன்.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது உங்களுக்கு நினைவிருக்கும். 70 பேர் போனார்கள். பெரும்பாலும் எங்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்தான். என் சித்தி குடும்பம் அதில் இருந்தது. அதன் பிறகு என் மூட்டுகள் எல்லாம் வீங்கி, காய்ச்சல் கண்டு, போடிமெட்டு இறங்கி தேனிக்குத்தான் கொண்டுபோனார்கள்.

இன்றும் தகரக் கூரையில் மழை கனத்தால் படுக்க மாட்டேன். மாத்திரைகள், மருத்துவக் கோப்பு, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வாசற்படி அருகே வைத்துவிட்டு, செருப்பைப் போட்டபடி உட்கார்ந்திருப்பேன். மறுநாள் கை விரல்களை மடக்க முடியாது. தூங்காததால் வலியா, வலியால் தூக்கமில்லையா என்று எனக்குத் தெரியாது. இந்த மலையில் ஜூனிலிருந்து எத்தனை இரவு மழை பெய்யும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வாத்தியார் ஐயா, கோயிலுக்கும் போகிறேன்.


கொல்லங்கோட்டு வாசகன்:

தேயிலைமகள் சொல்வதற்கு ஆராய்ச்சியிலும் ஆதாரம் இருக்கிறது. 2017இல் அமெரிக்கச் செவிலியர்களைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. 54,763 பெண்களை 24 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் இருந்த பெண்களுக்கு, அதிர்ச்சி எதையும் சந்திக்காதவர்களைவிட லூபஸ் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. 2018இல் ஸ்வீடனிலிருந்து இன்னொன்று. அதில் லூபஸ் மட்டுமல்ல, தன் உடலைத் தானே தாக்கும் 41 வகை நோய்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். பி.டி.எஸ்.டி. போல அதிர்ச்சியால் வரும் மனக்கோளாறு இருந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் 9 பேருக்கு அந்த நோய்களில் ஒன்று வந்தது, இல்லாதவர்களில் 6 பேருக்கு. ஆகவே மனத்தில் அடிபட்டால் லூபஸ் வரும் என்று தெரிகிறது.


கொழிஞ்சை மலர்:

தம்பி, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் எங்கும் வாய் திறப்பதில்லை. "நீ எதையாவது யோசித்து யோசித்துத்தான் வியாதியை வரவழைத்துக்கொண்டாய்" என்று என் மாமியார் சொல்வதை நீங்கள் எண்களோடு சொல்கிறீர்கள். அவ்வளவுதான் வேறுபாடு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே முகத்தில் லூபஸின் அடையாளமான வண்ணத்துப்பூச்சி வடிவத் தடிப்பு இருந்தது. வெயில் அலர்ஜி என்று ஒருவர், ரத்தசோகை என்று ஒருவர், சோம்பேறித்தனம் என்று உறவு முழுவதும். பெயர் தெரிவதற்குள் சிறுநீரகம் போகப் பார்த்தது. அதற்கும் நான்தான் குற்றவாளியா?


பாலக்காட்டுச் செவிலி:

அக்கா கோபப்படுவது நியாயம். வாசகன் தம்பி, நீங்கள் சொன்ன செவிலியர் ஆய்வில் 24 ஆண்டுகளில் லூபஸ் வந்தவர்கள் மொத்தம் 73 பேர். அரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களில் 73. மூன்று மடங்கு என்பது அவ்வளவு சின்ன வாய்ப்பின் மூன்று மடங்கு. அதிர்ச்சிக்கு ஆளான பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வரவே இல்லை. லூபஸ் உள்ள பலருக்கு முன்பு எந்த அதிர்ச்சியும் இல்லை. மரபணு, ஹார்மோன், புற ஊதா ஒளி எல்லாம் சேர்ந்து உண்டாகும் நோய் இது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்பதற்கு எந்த மாமியாரும் விளக்கம் தர முடியாது.

அந்த ஸ்வீடன் ஆய்வில் நீங்கள் விட்டுவிட்ட ஒரு வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பி.டி.எஸ்.டி. வந்தவர்களில் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்தைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து குறைவாகத் தெரிந்தது. மருந்தால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மனத்துக்கு வைத்தியம் பார்ப்பது வீண்வேலை என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.


கடைக்காரர்:

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். லூபஸ்காரர்களின் பயத்தில் நோய்க்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பங்கு உண்டு, அதை நான் கண்ணால் பார்த்தேன். 2020 மார்ச் 23 அன்று கொரோனாவைத் தடுக்க, லூபஸ்காரர்கள் வழக்கமாக எடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயினை எடுக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். சிலருக்குப் பரிந்துரைத்தது. உடனே நோயில்லாதவர்கள் எல்லாம் அட்டை அட்டையாக வாங்கிக்கொண்டு போனார்கள். 26ஆம் தேதி மத்திய அரசு அதை, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற எச்1 அட்டவணைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது மொத்த வியாபாரியிடமே சரக்கு இல்லை. கோவைக்குப் போகும் வாளையாறு எல்லையும் அடைத்துக் கிடந்தது. கோவை டாக்டரின் சீட்டோடு ஒரு பெண் வந்தார். என்னிடம் இருந்தது ஒரே அட்டை, அதையும் இருவருக்குப் பங்கிட வேண்டும். கத்தரிக்கோலால் நடுவில் வெட்டினேன். அந்த அம்மா பாதி அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தார், மறுபடியும் எண்ணினார்.

இன்றும் அவர் மாதக் கடைசிவரை காத்திருக்க மாட்டார். மாத்திரை பாதி இருக்கும்போதே வந்து நிற்பார். பி.டி.எஸ்.டி. என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அது வெறும் முன்ஜாக்கிரதை என்றும் சொல்ல மாட்டேன்.


சித்தூர் வாத்தியார்:

எல்லோரும் என்னை வில்லனாக்கிவிட்டீர்கள், பரவாயில்லை. மனத்தில் இருப்பதையே கேட்டுவிடுகிறேன். என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். உடம்பு வியாதியைச் சொல்வதே பெரும்பாடு. மனநல டாக்டரிடம் போனாள் என்று ஊரில் யாராவது பார்த்துவிட்டால் கதை முடிந்தது. பெண் பிள்ளையைப் பெற்றவனுக்கு இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?


தேயிலைமகள்:

ஐயா, மகளைக் கேட்டீர்களா?

இரண்டையும் மறைத்துக் கட்டிவைத்தால் என்ன ஆகும் தெரியுமா? லூபஸுக்குத் தரும் மைக்கோபினோலேட் என்ற மாத்திரை கருவைச் சிதைக்கும், குழந்தையை ஊனமாக்கும். கருத்தரிப்பதற்கு ஆறு வாரம் முன்பாவது டாக்டர் சொற்படி அதை நிறுத்தி, வேறு மருந்துக்கு மாற வேண்டும். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும்போதுதான் கருத்தரிக்கலாம் என்கிறார்கள். மறைத்துக் கல்யாணம் செய்த பெண் குளியலறையில் ஒளிந்து மாத்திரை விழுங்குவாள். எங்கள் லயத்திலேயே ஒருத்தி அப்படி விழுங்கிக்கொண்டிருந்தாள். அந்த வாழ்க்கையில் புதிதாக ஒரு பயம்தான் சேரும்.


பாலக்காட்டுச் செவிலி:

ஐயா, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. ஊர்வாயை அது அடைக்காது என்பது எனக்கும் தெரியும். முதல் அடிக்கு மனநல மருத்துவமனை வாசல்தான் என்றில்லை. கேரள அரசின் குடும்பாரோக்கிய கேந்திரங்களில் (குடும்ப நல மையங்களில்) ஆஸ்வாசம் என்ற மனச்சோர்வுக்கான கிளினிக் இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருகிறவர்கள் உட்காரும் அதே திண்ணைதான். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு வீட்டிலிருந்தே பேசலாம்; மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை.


கொழிஞ்சை மலர்:

ஒரு சிக்கல் இருக்கிறது. எனக்கு மலையாளம் தெரியும். கடையில் பேரம் பேசுவேன், பஞ்சாயத்தில் சண்டை போடுவேன். ஆனால் அந்தக் கனவை மலையாளத்தில் சொல்ல முயன்றபோது நாக்கு நகரவில்லை. ஒருமுறை ஆலோசகரிடம் போய், "பேடியாணு" (பயமாக இருக்கிறது) என்று சொல்லிவிட்டு வாயடைத்துத் திரும்பினேன். 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி கேரள அரசுக்கு நாம் தமிழில் மனு எழுதலாம். கனவைச் சொல்ல மட்டும் தமிழில் ஆள் இல்லை. கோவைக்குப் போனால் ஆள் உண்டு, ஆனால் கோவைக்குப் போவதுதானே என் பயமே! கேரள அரசின் காருண்யா ஆரோக்கிய காப்பீட்டு அட்டையும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும், பேசிவிட்டு வருவதற்கு அல்ல.


வேலந்தாவளத்தான்:

கோவையில் இருக்கும் உளவியலாளர் ஒருவரிடம் என் மனைவி வீடியோ அழைப்பில் தமிழில் பேசுகிறாள். உக்கடம் வழியே போக வேண்டியதில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கிறது, அங்கே நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறேன். சோர்வான நாளில் அரை மணி நேரமாகச் சுருக்கிக்கொள்கிறார்கள். முதலில் சில வாரங்கள் இன்னும் அழுதாள், எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது கண்ணாடி முன்னால் நிற்பது குறைந்திருக்கிறது. இல்லாமல் போகவில்லை.


பாலக்காட்டுச் செவிலி:

அண்ணன் சொன்ன ஆரம்ப அழுகையை எல்லோரும் மனத்தில் வையுங்கள், பலர் அந்தக் கட்டத்தில்தான் ஓடிவிடுகிறார்கள். அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சை, கண் அசைவை வைத்துச் செய்யும் ஈ.எம்.டி.ஆர். ஆகிய இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே பரிந்துரைத்திருக்கிறது. கேட்கும்போது "அதிர்ச்சிக்கான சிகிச்சை செய்வீர்களா" என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாக ஆறுதல் சொல்லி அனுப்புபவர்களும் உண்டு.

மலர் அக்கா, லூபஸ் டாக்டரிடமும் பேச வேண்டும். நோயின் வேகத்தைக் காட்டும் பரிசோதனையும் நோயாளி வாழும் வாழ்க்கையின் தரமும் ஒன்றோடொன்று அவ்வளவாக ஒட்டிப்போவதில்லை என்பது வாத நோய்த் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் லூபஸ்காரர்களுக்கென்றே 34 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று பிரிட்டனில் உருவாகி 2007இல் வெளிவந்தது. வலி, சோர்வு மட்டுமல்ல, பிறருக்குப் பாரமாக இருக்கிறேனா, என் முகம் எனக்கே பிடிக்கிறதா, தாம்பத்தியம் எப்படி, நாளைக்கென்று எதையாவது திட்டமிட முடிகிறதா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். நெரிசலான ஓ.பி.யில் 34 கேள்வி நடக்காது, எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்ததும், அவர் கோப்பைத் திறக்கும் முன்பே, "பயத்தால் போன முறை நான் வரவில்லை" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். மறுபரிசோதனையைத் தவிர்ப்பது சிறுநீரகத்துக்கு ஆபத்து என்பதால் எந்த லூபஸ் மருத்துவரும் அதைக் கேட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட மாட்டார்.


கொழிஞ்சை மலர்:

சொல்கிறேன். அந்த உளவியலாளரின் விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அண்ணா. கடைக்காரரே, ஒரு கேள்வி. தூக்கத்துக்காக வேறொரு டாக்டர் எழுதித் தந்த அல்பிரசோலம் பல மாதங்களாக எடுக்கிறேன். லூபஸ் டாக்டருக்குத் தெரியாது. பேச்சு சிகிச்சை தொடங்கும்போது அதை நிறுத்திவிடலாமா?


கடைக்காரர்:

நீங்களாக நிறுத்தவே கூடாது. பல மாதம் எடுத்ததை ஒரே நாளில் விட்டால் தூக்கம் முழுவதும் போகும், வலிப்புகூட வரலாம். லூபஸ்காரருக்கு வலிப்பு வந்தால் மூளையை நோய் தாக்கிவிட்டதோ என்று ஸ்கேன், இன்னொரு அட்மிஷன் என்று தொடங்கிவிடும். அந்த வகை மாத்திரை பி.டி.எஸ்.டி.க்கு மருந்தும் அல்ல, அன்றைய இரவை ஓட்டுவதற்குத்தான். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார். அதற்குப் பதில் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையில் செர்ட்ராலின் மாதிரி எதையாவது எழுதினால், ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுப்பதை அவரிடம் சொல்லுங்கள். எஸ்சிட்டலோபிராம் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடியவை, ஒரு ஈ.சி.ஜி. கேட்பார். இரண்டு டாக்டர்களின் சீட்டையும் ஒரே கவரில் போட்டு இருவருக்கும் காட்டுங்கள். கடைக்கு வரும்போதும் அதையே கொண்டுவாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.